ஆளில்லா வீட்டுப் பூனை

ஒருவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிய வேண்டுமானால், கதவைத் தட்டி "வீட்ல யாருங்க?" என்று கேட்பதுதான் உலக வழக்கம். இதில் பல குறைகள் இருப்பதை அந்த அடுக்குமாடியின் குடியிருப்போர் நலச் சங்கம் கண்டுபிடித்தது. முதல் குறை, கேட்கிறவர் நடந்து போக வேண்டும். இரண்டாவது, உள்ளே இருப்பவர் பொய் சொல்லலாம். மூன்றாவது குறையைத் தலைவர் பொதுக்கூட்டத்தில் விளக்கியபோது எல்லோரும் கை தட்டினார்கள். என்ன சொன்னார் என்பது மட்டும் யாருக்கும் நினைவில்லை.

இத்தனைக்கும் மூல காரணம், மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த இரண்டு சட்டைகள் காணாமல் போனது. காற்றில் பறந்து பக்கத்துக் கட்டடத் தண்ணீர்த் தொட்டியின் மேல் அவை கிடந்ததை மறுநாளே காவலாளி பார்த்துவிட்டார். ஆனால் அதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. சட்டை கிடைத்துவிட்டது என்பதற்காக நிறைவேறின தீர்மானத்தைத் திரும்பப் பெற முடியுமா? வீட்டுக்கு வீடு, கூடத்தில், வாசற்கதவுக்கு மேலே ஒரு கேமரா மாட்டினார்கள். ஆள் அசைந்தால் அது விளக்கைப் போடும், மின்விசிறியைச் சுற்ற வைக்கும். அசைவில்லை என்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சங்க அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பும். "அசைவே ஆள்" என்று துண்டறிக்கை அச்சடித்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் செருகினார்கள்.

நான்காம் மாடியில் குடியிருந்த கடிகாரக்காரர் இந்தத் தீர்மானத்துக்கு முதல் ஆளாகக் கை தூக்கினவர். கேமராவின் மேல் அவருக்குக் காதல் ஒன்றும் இல்லை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சங்கச் செயலாளர். செயலாளர் அவருக்கு இருபது வருஷத்துச் சிநேகிதர். சிநேகிதர் நீட்டுகிற காகிதத்தைப் படித்துப் பார்ப்பதே ஒருவகைத் துரோகம் என்று நினைக்கிற பிறவி கடிகாரக்காரர். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் செயலாளர் மூன்றாம் மாடியிலிருந்து ஏறி வருவார். ஜன்னலோரத்து மேசைக்குப் பக்கத்தில் அவருக்கென்றே ஒரு முக்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டே தலைவரைத் திட்டித் தீர்ப்பார்.

"நான் ஒருத்தன் இல்லேன்னா இந்தச் சங்கத்தை என்னைக்கோ இழுத்து மூடியிருப்பாங்கய்யா," என்பார்.

"அதுல என்ன சந்தேகம்," என்பார் கடிகாரக்காரர், கையிலிருக்கும் கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அவர் வேலை அப்படி. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி, முடியை விட மெல்லிய சுருளை இடுக்கியால் தூக்கி வைக்கிற வேலை. இரண்டு விரல்தான் அசையும். "ஈ வந்து மூக்குல உக்காந்தாக்கூட, வேலை முடியட்டும் இருன்னு சொல்ற ஆளு," என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

மேசைக்குப் பின்சுவரில் பழுது பார்க்க வந்த பெண்டுலக் கடிகாரங்கள் ஏழு தொங்கின. ஏழும் ஏழு தினுசாக ஆடின. கேமரா மாட்டின அன்றே அது தன் கடமையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. "நான்காம் மாடியில் அசைவு, நான்காம் மாடியில் அசைவு" என்று தலைவரின் கைபேசி இடைவிடாமல் கத்தியது. தலைவர் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோதும் கத்தியது. டாக்டர் தவறான பல்லைப் பிடுங்கிவிட்டார்.

மறுநாள் கேமரா கம்பெனிப் பெண் ஓடி வந்தாள். செயலாளரும் கூடவே வந்தார். அவள் தன் கைபேசியில் கடிகாரக்காரரின் கூடத்தை வரவழைத்து, அதன்மேல் விரலால் ஒரு கட்டம் போட்டாள்.

"இந்தக் கட்டத்துக்குள்ள எது ஆடினாலும் இனிமே கேமரா கண்டுக்காது சார்," என்றாள்.

"இத்துனூண்டு போட்டா எப்படிம்மா? தலைவருக்கு இருக்கற மிச்சப் பல்லாவது தங்க வேண்டாமா? குடுங்க இப்படி," என்று கைபேசியை வாங்கிச் செயலாளர் தன் கட்டைவிரலால் கட்டத்தை இழுத்துப் பெரிதாக்கினார். கட்டம் ஏழு கடிகாரங்களையும் விழுங்கியது. மேசையை, முக்காலியை, சமையலறைக் கதவை, படுக்கையறைக் கதவை எல்லாம் விழுங்கிவிட்டு, கூடத்தில் ஒரு நாலடி அகலத்தை மட்டும் போனால் போகிறது என்று விட்டுவைத்தது. அன்றைக்கு அவர் மனசில் கள்ளம் ஏதும் இல்லை என்றுதான் கடிகாரக்காரர் இன்றும் சொல்கிறார். நம்புவது அவருக்கு ஒரு வியாதி.

மனைவி வீட்டில் இருந்தவரை எந்தத் தொந்தரவும் இல்லை. அவள் ஒரு நாளைக்கு நூறு தரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறவள். பிறகு வெளியூரில் மகளுக்குப் பிரசவம் என்று நாலு மாசத்துக்குப் புறப்பட்டுப் போனாள். கடிகாரக்காரர் மேசையில் உட்கார்ந்தார். கட்டத்துக்குள் உட்கார்ந்தார் என்று சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் விளக்கு எரியவில்லை, மின்விசிறி சுற்றவில்லை. இரண்டு சிநேகிதர்களும் கைவிளக்கு வெளிச்சத்தில் டீ குடித்தார்கள்.

"என்னய்யா இது, குருட்டுக் கேமராவா இருக்கே?" என்றார் கடிகாரக்காரர்.

"புதுசுல்ல? குழந்தை மாதிரிய்யா அது. போகப் போகப் பழகிக்கும்," என்று செயலாளர் ஊதிக் குடித்தார்.

பழகிக்கொண்டது. ஒரு மாதத்தில் முதல் நோட்டீஸ் வந்தது. "தங்கள் வீட்டில் சங்கத்தின் முன் அனுமதியின்றிப் பூனை ஒன்று வளர்க்கப்படுவது தெரியவருகிறது. மேற்படி பூனை தினந்தோறும் காலையில் பால் வரும் நேரத்தில் வாசற்கதவை நோக்கி நான்கு வினாடியும், பால் கிடைத்த பின் எதிர்த்திசையில் நான்கு வினாடியும் நடமாடுகிறது. எட்டு வினாடிக்குக் குறைவான அசைவு செல்லப் பிராணியினது என்பது கேமராவின் தீர்ப்பு."

கடிகாரக்காரர் அலுவலகத்துக்கு இறங்கிப் போனார். குமாஸ்தா நோட்டீஸை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார்.

"பூனையெல்லாம் இல்லைங்க. பால் எடுக்கப் போறது நான்," என்றார் கடிகாரக்காரர்.

"அப்படியா? அப்போ பூனை நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

"அது எப்படிங்க? நான் மனுஷன்."

"மனுஷன்னா ஏன் சார் எட்டு செகண்டுக்குள்ள நடக்கறீங்க? நிதானமா நடக்கக் கூடாதா? சரி, பூனை இல்லேங்கறீங்க. அந்தப் பூனையைக் கொஞ்சம் கொண்டு வந்து காட்டுங்க, இல்லைன்னு எழுதிக்கறேன்."

அன்று ஆறு மணிக்குச் செயலாளர் வந்ததும் கடிகாரக்காரர் நோட்டீஸை நீட்டினார். செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே ஒரு காகிதம் எடுத்து இரண்டு வரி எழுதினார்: "மேற்படி பூனையை அப்புறப்படுத்திவிட்டேன். என் வீட்டில் தற்போது அசைவது எதுவும் இல்லை."

"இதுல ஒரு கையெழுத்தைப் போடு. ஃபைலை மூடிடறேன். நான் பாத்துக்கறேன்யா, நீ வேலையைப் பாரு."

கடிகாரக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தைச் செயலாளர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னும் அரை டம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்து வந்தது விதி முப்பத்தைந்து. வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் வெளியூரில் இருப்பவர்களுக்காகப் போட்ட விதி அது. தொண்ணூறு நாள் தொடர்ந்து ஆள் இல்லாத வீட்டைச் சங்கம் எடுத்துக்கொண்டு, காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குக் கொடுக்கலாம். "பூனையும் அப்புறப்படுத்தப்பட்டுவிட்ட நிலையில், தங்கள் வீட்டில் எவரும் இல்லை என்பது தங்கள் கடிதத்தாலேயே உறுதியாகிறது" என்றது இரண்டாவது நோட்டீஸ். இந்த வீட்டை விட்டால் கடிகாரக்காரருக்குப் போக்கிடம் கிடையாது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கடிகாரத்தைத் திருத்திச் சேர்த்த ஒரே சொத்து அது. மகள் கைக்குழந்தையோடு வந்து இறங்கவும் வேறு இடம் இல்லை.

கேமராப் பெண்ணுக்குப் போன் செய்து, கட்டத்தைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

"ரெண்டு நிமிஷ வேலை சார். குடியிருக்கறவர் ஒப்புதல் மட்டும் வேணும்."

"நான்தாம்மா குடியிருக்கறவன். ஒப்புதல் தர்றேன்."

கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "இந்த வீட்ல குடியிருக்கறவர் யாரும் இல்லைன்னு காட்டுதே சார். யாராவது குடிவந்தா அவங்களைக் கூப்பிடச் சொல்லுங்க," என்று மரியாதையாகவே சொன்னாள்.

சரி, கேமராவுக்கு அசைவுதானே வேண்டும் என்று கடிகாரக்காரர் துணிந்துவிட்டார். மறுநாள் காலை வேலையை ஒதுக்கிவிட்டு, விட்டுவைத்த அந்த நாலடி இடத்தில் போய் நின்றார். கையைத் தூக்கினார், இறக்கினார். குனிந்தார், நிமிர்ந்தார். அறுபத்திரண்டு வயசில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்து ஒரு குதியும் குதித்தார். கேமரா பார்த்துவிட்டது! கட்டடமே அதிர அலாரம் அடித்தது. ஆளில்லாத வீட்டில் ஆள் இருந்தால் அது யார்? திருடன்தானே.

காவலாளிகள் இரண்டு பேர் தடியோடு ஏறி வந்தார்கள்.

"அட, நீங்களா சார்?" என்றார் மூத்தவர்.

"நான்தான்யா. என் வீட்லதான்யா இருக்கேன்."

"எங்களுக்குத் தெரியாதா சார்? என் கடிகாரமே உங்ககிட்டதானே கிடக்கு. ஆனா அலாரம் அடிச்சா ஒருத்தரைப் புடிச்சுக்கிட்டு வரணும்னு உத்தரவு. வேற யாரும் இல்லை பாருங்க."

அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். லிஃப்டில் அவருக்கு வழிவிட்டு, "பாத்து வாங்க சார்" என்று கையைப் பிடித்துதான் அழைத்துப் போனார்கள். பதிவேட்டில் குமாஸ்தா எழுதினார்: "காலியான வீட்டில் அந்நியர் ஊடுருவல். உருவத்தில் முன்னாள் குடியிருப்பாளரை ஒத்திருந்தார். எச்சரித்து விடுவிக்கப்பட்டார்."

அன்று மனைவி போனில் கேட்டுவிட்டுக் கொதித்துப் போனாள். "ஏங்க, பூனைக் கடுதாசியை எழுதினது யாரு?"

"அவன்தான் எழுதினான். நல்லதுக்குத்தான்."

"கிழிச்சான் நல்லதுக்கு. அவன் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசமா வீடு தேடுறானே, அது உங்க மண்டையில உறைக்கலையா? நான் நாளைக்கே கிளம்பி வர்றேன்."

"பச்சை உடம்புக்காரியை விட்டுட்டு எங்க வர்றே? விசாரணைன்னு கூப்பிட்டிருக்காங்க. அங்க அவன் வந்து ஒரு வார்த்தை, தினம் ஆறு மணிக்கு நான் போறேன், அவர் இருக்கார்னு சொன்னாப் போச்சு. அவன் சொல்லுவான். இருபது வருஷமா என் வீட்டு டீயைக் குடிச்சவன்டி."

"குடிச்சவன்தான். உங்களுக்கு ஒரு வாய் குடுத்திருக்கானா?" என்றாள் அவள். கடிகாரக்காரர் யோசித்துப் பார்த்தார். செயலாளர் வீட்டு டீ எந்த நிறத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

விசாரணை சங்க அலுவலகத்தில் தொண்ணூற்றிரண்டாம் நாள் நடந்தது. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், நடுவில் தலைவர், வலப்புறம் செயலாளர். கடிகாரக்காரருக்கு நாற்காலி போடவில்லை. ஆளே இல்லை என்கிற விஷயத்தைப் பற்றிய கூட்டத்தில் நாற்காலி எதற்கு?

"நீங்க இங்க எங்க முன்னாடி நிக்கறீங்க. அதை நாங்க மறுக்கலை," என்று தலைவர் பெருந்தன்மையோடு ஆரம்பித்தார். "எங்களுக்குக் கண் இருக்கு. ஆனா பாருங்க, கண்ணை நம்பித்தான் முன்னாடியெல்லாம் ஏமாந்தோம். ரெண்டு சட்டை போச்சு. இப்ப இங்க இருக்கீங்க, சரி. இங்க இருக்கறவர் எப்படிங்க அங்க இருக்க முடியும்?"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

"ஐயா, என் மேசை அந்தக் கட்டத்துக்குள்ள மாட்டிக்கிச்சு. அந்தக் கட்டத்தைப் போட்டதே செயலாளர்தான்," என்றார் கடிகாரக்காரர்.

"கட்டத்துக்குள்ள எதுவும் இல்லைங்கறதுக்காகத்தானே கட்டமே போட்டது? இருந்திருந்தா போட்டிருப்போமா?" என்று தலைவர் கேட்டார். "எங்க சங்கம் மனுஷங்களுக்கு விரோதி இல்லைங்க. மனுஷங்க இருக்காங்கன்னு ரிப்போர்ட் வந்தா முதல்ல சந்தோஷப்படறது நான்தான். ரிப்போர்ட்ல ஒரு பூனை இருந்தது. அதையும் இரக்கமில்லாம நீங்களே விரட்டிட்டீங்க. பூனையாவது இருந்திருந்தா ஏதாவது யோசிச்சிருக்கலாம்."

கடிகாரக்காரர் செயலாளர் பக்கம் திரும்பினார். இதோ இப்போது சொல்லிவிடுவான், எல்லாம் தீர்ந்துவிடும் என்று அவருக்கு நெஞ்சு நிறைய நம்பிக்கை.

"யோவ், நீ சொல்லுய்யா. நேத்துகூட ஆறு மணிக்கு வந்தியே. டீயில சக்கரை கம்மின்னியே. சொல்லு."

செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமினார். கடிகாரக்காரரின் முகத்தைப் பார்க்காமல், அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நண்பர் என் மேல வெச்சிருக்கற அன்புக்கு நன்றி. சொந்தம் வேற, கடமை வேற. கேமரா ரிப்போர்ட்டை நான் முழுசாப் பாத்துட்டேன். எட்டு வினாடிக்குக் குறைஞ்ச அசைவு ஆள் கணக்குல சேராது, அந்த வீட்டுக்கு ஆறு மணிக்கு நான் வந்ததா ஒரு நாள்கூடப் பதிவாகலை. நான் போனேன்னு சொன்னா கேமரா பொய். கேமரா பொய்னா தீர்மானம் பொய். தீர்மானத்தைக் கொண்டுவந்தது நான், அப்ப நானே பொய். பொய்யான ஒருத்தன் சாட்சி சொல்லலாமா? அதனால உண்மையின் பேரால சொல்றேன். நான் அங்க போனதில்லை."

கை தட்டினார்கள். கடிகாரக்காரருக்குக் காது அடைத்துவிட்டது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான் என்று அவர் மனசு கத்தியது. வாய்க்கு வந்தது வேறு.

"இருபது வருஷம்யா," என்றார்.

தலைவர் அடுத்த காகிதத்தை எடுத்தார். "காலியான வீட்டை ஒதுக்கறது. காத்திருப்போர் பட்டியல்ல முதல் பேரு, நம்ம செயலாளரோட மகள். இது முக்கியமான கட்டம். தன் குடும்ப விஷயத்துல செயலாளர் தலையிடக் கூடாது. நேர்மையை முன்னிட்டு அவர் ஒரு நிமிஷம் வெளியே நிப்பார்."

செயலாளர் வெளியே போய்க் கதவருகே நின்றார். உள்ளே எல்லோரும் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பாதிப் பேருடையதைத் திருத்திக் கொடுத்தது கடிகாரக்காரர்தான், சரியாகவே ஓடின. அறுபதாவது வினாடி முடிந்ததும் செயலாளர் திரும்பி வந்தார். அவருடைய தியாகத்துக்காக எழுந்து நின்று கை தட்டினார்கள். ஓர் உறுப்பினருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கடிகாரக்காரர் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டார். ஒன்றைக் குடித்தார். இன்னொன்றைச் சமையலறைத் தொட்டியில் கொட்டியபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. வீடு போவதுகூட விதி என்று தாங்கிக்கொள்ளலாம். சக்கரை கம்மி என்று நேற்று உரிமையோடு சொன்னவன், இன்று வந்ததே இல்லை என்கிறானே! மனைவிக்குப் போன் செய்ய எடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டை எடுத்துக்கொள்ள வந்தார்கள். தலைவர், குமாஸ்தா, காவலாளிகள் இருவர், செயலாளர். ஆளில்லாத வீடு என்பதால் கதவைத் தட்டவில்லை. சங்கத்தின் சாவியைப் போட்டுத் திறந்தார்கள். கடிகாரக்காரர் மேசையில் உட்கார்ந்து மூத்த காவலாளியின் கடிகாரத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"நான் இங்கதான்யா இருக்கேன். எழுந்திருக்கப் போறதில்லை," என்றார்.

குமாஸ்தா அறிக்கையை உரக்கப் படித்தார். "கூடம், காலி. படுக்கையறை, காலி. சமையலறை, காலி. மேசை ஒன்று, முக்காலி ஒன்று, சுவர்க் கடிகாரம் ஏழு. நபர்கள், எவரும் இல்லை."

மூத்த காவலாளி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மேசைக்கு வந்தார். தன் கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "ஓடுது சார்," என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

தலைவர் அறிக்கையில் கையெழுத்திட்டார். சாட்சியாகச் செயலாளர் கையெழுத்திட வேண்டும். 'வீட்டினுள் நேரில் சென்று பார்த்தேன், ஆள் எவரும் இல்லை எனக் கண்டேன்' என்ற வரிக்குக் கீழே அவருக்கு இடம் விட்டிருந்தது. செயலாளர் சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். தலைவர் தன் பேனாவை மூடி உள்ளே வைத்துவிட்டிருந்தார். செயலாளர் இரண்டடி நடந்து மேசையருகே வந்து, குனிந்து, தினமும் ஆறு மணிக்குப் பேசுகிற அதே குரலில் கேட்டார்.

"ஒரு பேனா இருந்தாக் குடேன்யா."

கடிகாரக்காரரின் கை நீண்டுவிட்டது. இருபது வருஷமாக அந்தக் குரல் எது கேட்டாலும் கொடுத்துப் பழகின கை. மூளைக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் பேனா கைமாறிவிட்டது. செயலாளர் அந்த மேசையின் மேலேயே காகிதத்தை வைத்து, ஆள் எவரும் இல்லை எனக் கண்டு, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"யோவ், என் பேனா," என்றார் கடிகாரக்காரர்.

ஆளில்லாத வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சங்கத்தில் விதி ஏதும் இல்லை. செயலாளர் தாமாகவே திரும்பவில்லை.